மூடிய பிறகும் உலாவுகிறது

வேலை முடிந்து பிரவுசரை மூடினேன். மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தியதும் விண்டோ மறைந்தது. திரையில் ஒன்றுமில்லை. லேப்டாப்பின் மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஏதோ ஞாபகம் வந்து மறுபடியும் ஐகானை அழுத்தினால் பிரவுசர் திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பழையதை முதலில் மூடுங்கள் என்கிற பொருளில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. எதை மூடுவது? மூடுவதற்குத் திரையில் எதுவுமே இல்லையே.

உலாவி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் போல. கதவைச் சாத்தி விளக்கை அணைத்த பிறகும் கூடத்தில் யாரோ நடமாடுகிற மாதிரி அது உள்ளே உலாவிக்கொண்டிருந்தது. (பேச்சில் யாரும் உலாவி என்று சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. இனி பிரவுசர் என்றே எழுதுகிறேன்.) எந்த பிரவுசர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் போதும், “அதான் அப்பவே சொன்னேனே, இதுக்கு மாறுங்கன்னு” என்று ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துவிடுவார்கள். இந்தத் தொல்லை எல்லாவற்றிலும் உண்டு. காரணங்கள்தான் வேறு வேறு.

நான் கண்டுபிடித்த மருந்து எல்லோரும் கண்டுபிடிப்பதுதான். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் பிரவுசரைத் தேடிப் பிடித்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் ஆள் காலி. முதல் வாரம் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது. அப்புறம் பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது. மூடு, டாஸ்க் மேனேஜரைத் திற, கொல், லேப்டாப்பை மடக்கு. அடுத்த நாள் திறக்கும்போது, சரியாக மூடப்படவில்லை, பழைய டேப்களைத் திறக்கட்டுமா என்று பிரவுசர் பாவமாகக் கேட்கும். திற என்பேன். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடிற்று.

ஒருநாள் பக்கத்து இருக்கைப் பையன் இதைப் பார்த்துவிட்டான்.

“அக்கா, அதை ஏன் தினமும் அடிச்சுக் கொல்றீங்க?”

“போக மாட்டேங்குதுப்பா.”

“போக மாட்டேங்குதா, நீங்க போக விடலையா? ஒரு நாளாவது அதுவா போகுதான்னு விட்டுப் பார்த்தீங்களா?”

பார்த்ததில்லை. என் பொறுமையின் எல்லை இருபது விநாடி. அன்றைக்கு மாலை பிரவுசரை மூடிவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று, அங்கேயே இருந்தது. இரண்டு நிமிடம், அப்போதும் இருந்தது. டிஸ்க் என்ற பத்தியில் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. மூன்று நிமிடம் நாற்பது விநாடியில், யாரும் தொடாமல், அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது. மின்விசிறியும் மூச்சை விட்டு அடங்கிற்று.

ஆக, அது மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஏதோ வேலையாக இருந்திருக்கிறது. அதுவரை என் கேள்வி “இதை எப்படித் தொலைப்பது” என்பதாக இருந்தது. அன்றிலிருந்து “இது எதற்காகக் காத்திருக்கிறது” என்று மாறிற்று. கேள்வி மாறியதில் பாதிக் கண்டம் கழிந்தது.

பெருக்கல் குறியை அழுத்தும்போது நாம் மூடுவது விண்டோவை. நின்றுபோக வேண்டியது ப்ராசஸ், அதாவது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல். இரண்டும் ஒன்றல்ல. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறவர், முன்னறை விளக்கை முதலில் அணைத்துவிட்டு அப்புறம்தான் ஜன்னல் கொக்கியையும் தண்ணீர்க் குழாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு வீடு இருண்டுவிட்டது, ஆள் போயாயிற்று. உள்ளே இருப்பவருக்கு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பிரவுசரும் விண்டோவை முதலில் மறைத்துவிடும். சட்டென்று மூடிக்கொண்டது போல நமக்கு ஒரு திருப்தி. பாத்திரம் பண்டம் ஒதுக்குகிற வேலையெல்லாம் இருட்டில் நடக்கிறது.

என்ன வேலை? திறந்திருந்த டேப்களின் பட்டியலை எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் “நீ மூடப்படுகிறாய்” என்று சொல்ல வேண்டும். சில பக்கங்கள் எழுதியதைச் சேமிக்காமல் போகிறீர்களா என்று அங்கேயே மறித்துக் கேட்கும். எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது பிரவுசரோடு நாம் ஒட்டவைத்த குட்டிச் செயலிகளுக்குச் சொல்ல வேண்டும். இறக்கிக்கொண்டிருக்கும் ஃபைல் இருந்தால் அதை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். ஹிஸ்டரியையும் குக்கீகளையும் (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் துண்டுச் சீட்டுகள்) டிஸ்க்கில் முறையாக எழுதி முடிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே இவற்றை எஸ்க்யூலைட் என்ற குட்டித் தரவுத்தளத்தில்தான் வைக்கின்றன. ஃபயர்பாக்ஸின் ப்ரொஃபைல் ஃபோல்டரை, அதாவது நம் ஹிஸ்டரி, குக்கீ, செட்டிங்ஸ் எல்லாம் தங்கும் இடத்தைத் திறந்தால் ‘பிளேசஸ்’, ‘குக்கீஸ்’ என்ற பெயர்களில் அந்த ஃபைல்கள் இருக்கும். பிரவுசர் ஓடும்போது அவற்றுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு ‘வால்’ என்ற வாலும் ஒட்டிக்கொண்ட இன்னொரு ஃபைல் முளைத்திருக்கும். (சிலேடை என்னுடையதல்ல, ஆங்கில எழுத்துகள் மூன்றைச் சேர்த்துப் படித்தால் அப்படித்தான் வருகிறது.) புதிதாக எழுதுவதெல்லாம் முதலில் இந்த வாலில் சேரும், பிறகுதான் முதன்மை ஃபைலுக்குப் போகும். ஒழுங்காக மூடினால் கணக்கைச் சேர்த்து முடித்துவிட்டு வால் தானாக அறுந்துவிடும். விண்டோ போன பிறகும் வால் நீட்டிக்கொண்டிருக்கிறதென்றால், ஒன்று பிரவுசர் இன்னும் உள்ளே இருக்கிறது, இல்லையென்றால் பாதியில் யாரோ கொன்றிருக்கிறார்கள். நடுவில் கொன்றாலும் தரவுத்தளம் பெரும்பாலும் தப்பித்துவிடும், அதற்குத்தான் இந்த ஏற்பாடே. அதை நம்பி நான் எட்டு மாதம் ஆடியிருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி அப்படி என்ன வேலை?

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரை விட்டால் அடுத்த ஆழம் அதுதான். டிஸ்க் என்ற பகுதிக்குப் போய், வேண்டிய ப்ராசஸுக்கு மட்டும் டிக் போட்டால், அது இந்த நொடியில் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று பெயரோடு வரிசையாக ஓடும். சந்தேகப்படும் ஆளின் பின்னாலேயே நடந்துபோய், எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்று பார்ப்பது மாதிரி.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்துவிட்டு பிரவுசரை மூடினேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லாமே ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள், இணையதளங்கள் தங்களுக்கென்று ஏதாவது சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்தக் கிடங்கில். ஒரு தளத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் சின்னச் சின்ன ஃபைல்கள். எப்போதோ ஒரே ஒரு முறை பயணச்சீட்டு பதிவு செய்த தளம், நான்கு வருடத்துக்கு முன் ஒரு பாடத்துக்காகச் சேர்ந்து இரண்டாம் நாளே விட்டுவிட்ட தளம், பெயரைப் பார்த்தால் எதற்குப் போனேன் என்றே தெரியாத தளங்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போயிற்று. மேலே இருந்த ப்ராசஸ் பட்டியலில் கூடவே இன்னொரு பெயரும் தெரிந்தது. என் ஆன்டிவைரஸ். பிரவுசர் ஒரு ஃபைலைத் தொட்டால் இதுவும் அதை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடும்.

அந்தக் கிடங்கில் வலது பொத்தானை அழுத்தி எத்தனை ஃபைல் என்று கேட்டேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் ஒரு லட்சத்துச் சொச்சத்தில் நின்றது. எண்ணுவதற்கே நேரம் பிடித்தது. என்னுடையது சுழலும் தட்டு வைத்த பழைய ஹார்டு டிஸ்க். பெரிய ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் சமாளிக்கும், பொடிப்பொடியாக ஒரு லட்சம் கொடுத்தால் திணறும்.

ஆனால் மூடும்போது இதையெல்லாம் ஏன் தொட வேண்டும்? செட்டிங்ஸைக் குடைந்ததில் விடை கிடைத்தது. பிரவுசரை மூடும்போது குக்கீகள், தளங்களின் தரவு எல்லாவற்றையும் அழித்துவிடு என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. போட்டது வேறு யாருமில்லை, நானேதான். தனியுரிமை பற்றி எதையோ படித்துவிட்டு வந்த வேகத்தில் போட்டிருப்பேன்.

அப்புறம்தான் என் கைங்கரியம் முழுதாக விளங்கியது. இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்த வரிசை இது: பிரவுசர் முதலில் கிடங்கு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும். அதற்கே ஒன்றரை நிமிடம். அதன் பிறகுதான் அழிக்கத் தொடங்கும், அதிலும் ஒரு மாலைக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. நானோ இருபதாவது விநாடியில் எண்ட் டாஸ்க் கொடுத்துவிடுவேன். எண்ணி முடிப்பதற்குள் ஆளையே கொன்றுவிட்டால் எதை அழிப்பது? மறுநாள் இன்னும் நாலு தளங்களுக்குப் போவேன், கிடங்கு இன்னும் பெருக்கும், கணக்கெடுக்க இன்னும் நேரமாகும், நான் இன்னும் சீக்கிரம் பொறுமை இழப்பேன். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். நான் எட்டு மாதமாகப் பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைவிட உறைத்தது வேறு. அந்த எட்டு மாதமும் ஒரு நாள்கூட எதுவும் அழியவில்லை. மூடும்போதெல்லாம் தடயம் இல்லாமல் துடைத்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சில தளங்களில் மறுநாளும் லாகின் அப்படியே இருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே, நினைவு வைத்திருக்கிறதே என்று சந்தோஷம்வேறு பட்டிருக்கிறேன்.

சரிசெய்தது சப்பென்று முடிந்தது. பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டே செட்டிங்ஸில் தளத் தரவு முழுவதையும் அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிடங்கு காலி. இப்போது மூடினால் நான்கு விநாடியில் போய்விடுகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எல்லோருக்கும் இதே காரணம் இருக்காது. இன்னும் சொல்லப்போனால், மூடிய பிறகும் பிரவுசர் ஓடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், அதற்கு அனுமதி இருக்கிறது என்பதுதான். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். குரோம் மூடப்பட்ட பிறகும் பின்னணிச் செயலிகளைத் தொடர்ந்து இயக்கு என்கிற ஒரு பொத்தான் இருக்கும். அது போட்டிருந்து, பின்னணியில் ஓட அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று உள்ளே இருந்தால், கடைசி விண்டோவை மூடினாலும் குரோம் போகாது. விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், மறைத்து வைத்த குட்டி ஐகான்களுக்குள் உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் எட்ஜிலும் இதே பொத்தான் உண்டு. போதாததற்கு 2021-இல் ஸ்டார்ட்டப் பூஸ்ட் என்று ஒன்றையும் சேர்த்தார்கள். நீங்கள் திறப்பதற்கு முன்பே சில ப்ராசஸ்களைத் தயாராக நிறுத்தி வைத்திருக்கும், மூடிய பிறகும் அவற்றை விட்டுவைக்கும். அடுத்த முறை சட்டென்று திறக்கும் என்பதற்காக.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வேகமாகத் திறப்பது நல்லதுதான், வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மூடுகிற பொத்தானுக்கு எதுவரை அதிகாரம் என்பதை நான்கு படி கீழே, செட்டிங்ஸின் மூலையில் எழுதி வைப்பது சரியல்ல. காரணம் வேகமோ பேட்டரியோ மட்டுமில்லை. செஷன் குக்கீ என்று ஒரு வகை இருக்கிறது. பிரவுசர் மூடும் வரைதான் ஆயுள் என்று சொல்லித்தான் தளங்கள் அதைக் கொடுக்கின்றன. பிரவுசரின் கணக்கில் மூடுவது என்றால் ப்ராசஸ் நிற்பது, விண்டோ மறைவது அல்ல. பின்னணியில் அது உயிரோடு இருக்கும் வரை அந்தக் குக்கீயும் உயிரோடு இருக்கும். பலர் கைபடும் கணினியில் “மூடிட்டேனே, லாகின் போயிருக்கும்” என்று எழுந்து போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். லாக் அவுட் பொத்தானை அழுத்திவிட்டு எழுவதுதான் வழி.

மேக்கில் இந்தக் கேள்வியே வேறு. அங்கே விண்டோவை மூடுவது விண்டோவை மூடுவது மட்டும்தான், ஆரம்பத்திலிருந்தே அப்படி. கீழே டாக்கில் ஐகானுக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் செயலி ஓடுகிறது என்று அர்த்தம். போகச் சொல்ல வேண்டுமென்றால் கமாண்டும் கியூவும். விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறியவர்கள் முதல் மாதம் முழுக்க முப்பது செயலிகளை ஓடவிட்டுக்கொண்டிருப்பார்கள், நானும் இருந்திருக்கிறேன். அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

டாஸ்க் மேனேஜரில் பிரவுசர் பெயரில் ஒன்றல்ல, இருபது வரி நிற்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: அது இயல்பு. முன்பெல்லாம் பிரவுசர் என்றால் ஒரே ப்ராசஸ். ஒரு பக்கம் உறைந்தால் மொத்தமும் உறையும். 2008 செப்டம்பரில் வந்த குரோம் டேப்களைத் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரித்தது. ஃபயர்பாக்ஸ் 2016 ஆகஸ்டில், 48-ஆம் பதிப்பில்தான் அந்த வழிக்கு வரத் தொடங்கியது. ஆகவே இன்றைக்கு எல்லா பிரவுசரும் ஒரு தாயும் ஏகப்பட்ட பிள்ளைகளும். பக்கங்களுக்குச் சில, வரைகலைக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷன்களுக்கு வேறு.

இதில் தாய் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் தலைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘கமாண்ட் லைன்’ என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோமிலும் எட்ஜிலும் பிள்ளைகளின் வரியில் எல்லாம் ‘டைப்’ என்று ஒரு சொல்லும் அதற்குப் பக்கத்தில் என்ன வேலை என்பதும் எழுதியிருக்கும். அந்தச் சொல் இல்லாத வரிதான் தாய். தாய் போய்விட்டால் பிள்ளைகள் தாமாகவே போய்விட வேண்டும். தாய் போன பிறகும் ஒரு பிள்ளை தனியாக நின்று சிபியூவைத் தின்றுகொண்டிருந்தால் அது உண்மையிலேயே பழுது. தயங்காமல் முடித்துவிடலாம். தாயே நிற்கிறது என்றால், என் கதையைப் போல, எதற்காகவோ காத்திருக்கிறது.

இன்னொரு ஆள்மாறாட்டமும் உண்டு. எட்ஜைத் தொடவே இல்லை, ஆனாலும் பட்டியலில் எட்ஜ் வெப்வியூ என்று நாலைந்து வரி இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கொதித்தார். அது பிரவுசரே அல்ல. வேறு செயலிகள் தங்கள் விண்டோவுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவதற்கு எட்ஜின் இன்ஜினைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. அதைக் கொன்றால் அந்தச் செயலிதான் வெறிச்சென்று நிற்கும்.

உண்மையிலேயே மாட்டிக்கொண்டு நிற்பதும் நடக்கும். ஃபயர்பாக்ஸ் இதற்குத் தன் மேலேயே ஒரு காவலாளியைப் போட்டிருக்கிறது. மூடச் சொல்லி ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகியும் உள்ளே ஏதோ ஒரு வேலை முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், அந்தக் காவலாளி பிரவுசரை வேண்டுமென்றே விழத்தட்டி, எங்கே மாட்டிற்று என்று ஒரு அறிக்கையும் எழுதி வைப்பான். முகவரிப் பட்டையில் ‘அபௌட்: கிராஷஸ்’ என்ற பக்கத்தைத் திறந்தால் அந்த அறிக்கைகள் கிடைக்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருநாளும் விழாத பிரவுசரின் பெயரில் அங்கே வரிசையாக அறிக்கை நின்றால், அது ஒவ்வொரு முறையும் மூடும்போது விழுகிறது என்று பொருள்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை எக்ஸ்டென்ஷன்கள். ஒரு காலத்தில் ஃபிளாஷ் பிளகின் இந்தப் பட்டத்தை வைத்திருந்தது, 2020 டிசம்பர் 31-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது பொறுமைசாலிகளின் வழி. எனக்குப் பிடித்தது வேறு: புதிதாக ஒரு வெற்று ப்ரொஃபைல் உருவாக்கி, அதில் இரண்டு மூன்று பக்கம் பார்த்துவிட்டு மூடிப் பார்ப்பது. புதியது பளிச்சென்று மூடிக்கொண்டால் கோளாறு பழைய ப்ரொஃபைலுக்குள் இருக்கிறது, பிரவுசரை அழித்துத் திரும்பப் போடுவதால் ஒரு பயனும் இல்லை. பிரவுசரை நீக்கினாலும் ப்ரொஃபைல் ஃபோல்டர் பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதிதாகப் போட்டதும் பழைய வியாதியோடு சேர்ந்துகொள்ளும். புதிய ப்ரொஃபைலும் இழுத்தால் வெளியே பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ், வரைகலை டிரைவர், டிஸ்க், இந்த வரிசையில். டிரைவர் மேல் சந்தேகம் என்றால் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை (வரைகலை வேலையைத் தனிச் சில்லிடம் தள்ளிவிடும் வசதி) நிறுத்திவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ப்ரொஃபைலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் நாசம் என்பதால், பிரவுசர் உள்ளே வந்ததும் ப்ரொஃபைல் ஃபோல்டரில் ஒரு பூட்டு போடும். ஃபயர்பாக்ஸில், விண்டோஸ் என்றால் ‘பேரன்ட் லாக்’ என்ற ஃபைல். லினக்ஸில் அதே பெயரில் மறைந்திருக்கும் ஃபைல் ஒன்று, கூடவே ‘லாக்’ என்று ஒன்று. லினக்ஸில் குரோம் போடும் பூட்டின் பெயர் ‘சிங்கிள்டன் லாக்’. அதற்குள் கணினியின் பெயரும் ப்ராசஸ் எண்ணும் எழுதியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: குரோம் விழுந்து பூட்டு மட்டும் அப்படியே கிடக்கும்போது கணினியின் பெயரை நீங்கள் மாற்றிவிட்டால், இந்த ப்ரொஃபைலை வேறொரு கணினியில் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று குரோம் முரண்டு பிடிக்கும். வேறு யாருமில்லை, பழைய பெயரில் நீங்களேதான். அப்போது அந்த ஃபைலை நீக்கலாம். ஆனால் உள்ளே ஒரு ப்ராசஸ்கூட இல்லை என்று பார்த்த பிறகுதான். ஆள் இருக்கும்போது பூட்டை உடைத்தால், எதைத் தடுக்கப் பூட்டு போட்டார்களோ அதுவே நடக்கும்.

கடைசியில் கொல்ல வேண்டித்தான் வந்தால், அதிலும் மரியாதை உண்டு. லினக்ஸில் ‘கில்’ என்று வெறுமனே அடித்தால் போவது 15-ஆம் எண் சமிக்ஞை. தயவுசெய்து கிளம்பு என்கிற வேண்டுகோள். பிரவுசர் அதைக் கேட்டு எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் போகும். 9-ஆம் எண்ணுக்கு அந்த அவகாசமே கிடையாது, கேட்பதற்குள் கதை முடிந்துவிடும். நிறையப் பேர் எடுத்த எடுப்பிலேயே 9-ஐ அடிக்கிறார்கள், விரல் அப்படிப் பழகிவிட்டது. சில சமயம் 9-க்கும் அசையாமல் ஒரு ப்ராசஸ் நிற்கும். நிலை என்ற பத்தியில் ஆங்கில ‘டி’ என்ற எழுத்து இருக்கும். டிஸ்க்கிடமிருந்தோ நெட்வொர்க் டிரைவிடமிருந்தோ பதில் வராமல் கர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள் காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது பிரவுசரைத் திட்டுவதை விட்டுவிட்டு டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் பேக்கப் எடுங்கள்.

மொபைலில் இந்தக் கவலையே வேண்டாம். பின்னணியில் எதை வைப்பது, எதை அனுப்புவது என்பதைச் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது. தினமும் எல்லாவற்றையும் மேலே தள்ளித் தள்ளி மூடுகிறவர்கள் விரலுக்குத்தான் வேலை கொடுக்கிறார்கள்.

போன வாரம் மறுபடியும் அது நடந்தது. மூடினேன், போகவில்லை. நான்கு விநாடி தாண்டி, ஒரு நிமிடம் தாண்டி, பத்து நிமிடமும் தாண்டிற்று. எனக்கு இப்போது விஷயம் தெரியும் என்பதால் பதறவில்லை. டீடெயில்ஸ் பகுதியைத் திறந்தேன். தாய் ப்ராசஸ் நிற்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். டிஸ்க்கில் அசைவே இல்லை. வால் ஃபைல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னணி அனுமதி இல்லை, இறங்கிக்கொண்டிருக்கும் ஃபைல் எதுவும் இல்லை. பக்கத்து இருக்கைப் பையனைக் கூப்பிட்டேன். வந்து நின்று, திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, விண்டோஸ் பொத்தானையும் டேபையும் சேர்த்து அழுத்தினான்.

கீழே இரண்டு டெஸ்க்டாப் தெரிந்தன. என்றைக்கோ தெரியாமல் விரல் பட்டு உருவான இரண்டாவது டெஸ்க்டாப்பில் ஒரு பிரவுசர் விண்டோ அமைதியாகத் திறந்திருந்தது. அந்த டெஸ்க்டாப்பில் இருப்பது இந்த டெஸ்க்டாப்பின் டாஸ்க்பாரில் தெரியாது. உள்ளே, நான் பாதி நிரப்பிவிட்டு அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த விடுப்பு விண்ணப்பம்.

“அக்கா, இதை எண்ட் டாஸ்க் கொடுத்திருந்தா லீவு போயிருக்கும்” என்றான்.

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன். விண்டோவை மூடினேன். நான்கு விநாடி.